ஊசி, உண்ணி, தைலம்: மலையில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு

நான் கோத்தகிரிக்காரன். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மஞ்சூர், கூடலூர், கடைசியாகக் கோத்தகிரி என்று நீலகிரியைச் சுற்றி வந்த வேலை. மாட்டுக்கு சினை ஊசி போடப் போன வீட்டில், "அப்படியே இந்த நாயையும் ஒரு பார்வை பார்த்துடுங்க டாக்டர்" என்பார்கள். "நான் டாக்டர் இல்லைங்க" என்று சொன்னாலும் அடுத்த தடவையும் டாக்டர்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வைத்தியம் சொல்லப் போவதில்லை. வைத்தியத்துக்கு ஓட வேண்டிய நிலைமை வராமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோயம்புத்தூரில் ராத்திரி 11 மணிக்கு நாய்க்கு வலிப்பு வந்தால் ஆட்டோ பிடித்து ஏதாவது ஒரு கிளினிக்குக்குப் போய்விடலாம். இங்கே மழை, மூட்டம், ரோட்டில் காட்டுமாடு. ரத்தம் ஏற்ற வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மலை இறங்கத்தான் வேண்டும். ஆகவே, தேதிப்படி செய்ய வேண்டியதைத் தேதியில் செய்துவிடுவது மலையில் இருப்பவர்களுக்கு இரட்டிப்பு அவசியம். ஒரு நோட்டு போடுங்கள். ஊசி, பூச்சி மருந்து, எடை, எல்லாம் அதில். காலண்டர் தாளில் எழுதினால் வருஷம் முடிந்ததும் பழைய பேப்பரோடு போய்விடும்.

தடுப்பூசி

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி. அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும்வரை. இதில்தான் பலபேர் நழுவுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி பார்வோ வந்துச்சு?" என்று கோபத்தோடு வருவார்கள். (பார்வோ என்பது குட்டிகளைக் கொல்லும் ரத்தப்பேதி நோய்.) தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, அது தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு 8 வாரத்தில், இன்னொன்றுக்கு 14 வாரத்தில். அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். நடுவில் நிறுத்தினால் போட்டதும் வீணாகலாம். தொடர் முடிந்ததும் ஒரு வருஷத்தில் பூஸ்டர்; அதன்பின் எந்த ஊசி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொல்வார்.

ஊசி போடும்போது கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். இரண்டு சின்னக் குப்பி இருக்கும். ஒன்றில் அடியில் வெள்ளையாக உலர்ந்த மருந்து ஒட்டியிருக்கும், இன்னொன்றில் திரவம். திரவத்தை உலர்ந்ததில் விட்டுக் கலக்கி உடனே போட வேண்டும். குப்பிகள் ஃப்ரிட்ஜிலிருந்தோ ஐஸ் பெட்டியிலிருந்தோ வர வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் மருந்து மருந்தாக இருக்கும். "ஊட்டி குளிருதே, வெளியே வெச்சா என்ன" என்று நினைத்துக் கடையில் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிப் பஸ்ஸில் ஏறியவர்களும் உண்டு. அந்த ஊசியும் வெறும் தண்ணீரும் ஒன்று. குப்பியின் லேபிளை உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ டாக்டர் பக்கத்திலேயே இருப்பார்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், குளிரும் நிழலும் அதற்கு ரொம்பத் தோது. போன குட்டி ரத்தப்பேதியில் செத்த வீட்டுக்குப் புதுக்குட்டி கொண்டுவருவதானால், ஊசித் தொடர் முடிந்த குட்டியாகப் பாருங்கள். ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன் என்றால் போதாது, பார்வோவுக்கு அதை நம்ப முடியாது. கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு. சிமென்ட் தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு இதை ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். மண் தரைக்கு இது எடுபடாது.

எலிக்காய்ச்சல் ஊசியின் கணக்கு மழையைப் பொறுத்தது. இதை எந்த அட்டையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் அந்தக் கிருமி பரவுகிறது. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூனில் பிடிக்கும் தென்மேற்கு மழைதான் பெரிய மழை. எங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஆகவே அந்தப் பக்கத்துக்காரர்கள் மே மாதத்திலும், இந்தப் பக்கத்துக்காரர்கள் செப்டம்பரிலும் வருஷாந்திர ஊசி வருகிறமாதிரி வைத்துக்கொண்டால் நல்லது. முதல் வருஷம் இரண்டு ஊசி, அப்புறம் வருஷம் ஒன்று. இது மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதை மறக்காதீர்கள்.

டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்க்கான ஊசிக்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த நோய் வீட்டு நாயோடு நிற்காது. செந்நாய்க்கும் போகும், சிறுத்தை, புலிக்கும் போகும். 2018-ல் குஜராத் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தது இந்தக் கிருமியால்தான். முதுமலையை ஒட்டி நாய் வளர்க்கிறவர்கள் ஊசி போடுவது காட்டுக்கும் செய்கிற உதவி.

வெறிநாய்க்கடி

3 மாதத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர், அப்புறம் தவறாமல் வருஷாவருஷம். பூனைக்கும் இதேதான். "வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு எதுக்கு" என்ற கேள்விக்கு, இந்த ஊரில் எந்தப் பூனை வெளியே போகாமல் இருக்கிறது என்பதுதான் என் பதில். அரசு கால்நடை மருந்தகங்களில் விசாரியுங்கள். ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (வெறிநாய்க்கடி நோய் தினம்) ஆகிய நாட்களை ஒட்டி முகாம் போடுவது வழக்கம்.

வெறிநாய்க்கடி வைத்தியத்துக்காகத் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அதைப் போட்டுக்கொண்ட பெரியவர்கள் இன்னும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பயத்தில்தான் இன்றும் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிறார்கள். இப்போது கையில் போடும் சின்ன ஊசிதான். கடித்தாலோ கீறினாலோ குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிஷம் என்பது நினைப்பதைவிட நீளம். காயத்தின் மேல் எதையும் வைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, போய்க் காட்டுங்கள். நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை.

உண்ணி

ஊட்டி டவுன் குளிரில் உண்ணி குறைவுதான். ஆனால் மாசியிலிருந்து சித்திரை வரை, மசினகுடிப் பக்கமோ மேட்டுப்பாளையமோ போய்வந்த நாயின் காதைப் புரட்டிப் பாருங்கள். காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழே, வாலடியில். பட்டாணி அளவில் சாம்பல் நிறமாக உப்பியிருப்பது ரத்தம் குடித்த பெண் உண்ணி. தவிட்டு நிறத்தில் தட்டையாக ஓடுவது குடிக்காதது. குஞ்சு உண்ணி கடுகைவிடச் சின்னது, கருப்பு நாயில் கண்ணுக்கே தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் பிடிக்க வேண்டும்.

பிடுங்க ஒரு சாமணம் போதும். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள். நகத்தில் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது இரண்டும் வேண்டாம். லாரிப் பட்டறைப் பக்கம் சிரங்கு பிடித்த நாய்க்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசுவது இன்னும் நடக்கிறது. நாய் அதை நக்கி உள்ளுக்குள் போகிறது, தோலும் வெந்துபோகிறது. மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை நாய்க்கு ஏற்றுவதும் அதே மாதிரிதான். கோலி வகை நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

நாயின் மேல் இருப்பவை கொஞ்சம்தான். முட்டையும் குஞ்சும் கூண்டின் பலகை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, அது படுக்கும் சாக்கை அப்படியே விட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும். சாக்கை எரித்துவிடுங்கள், போர்வையைக் கொதிநீரில் போடுங்கள், இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். மருந்து என்றால் கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மாதம் ஒன்று தரும் மாத்திரை, மூன்று மாதம் தாங்கும் மாத்திரை எல்லாம் இருக்கின்றன. எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்பு வலிப்பு வந்த நாயாக இருந்தால் மாத்திரை கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு சொல்வது, உண்ணி கடித்து நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சலுக்காக. நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, படுத்தே கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மூக்கில் ரத்தம் வருவதும் இதன் அறிகுறிதான். கூடலூர், பந்தலூர் பக்கம் மட்டும் இதில் ஒரு குழப்பம் உண்டு. ஓடையில் தண்ணீர் குடித்த நாயின் மூக்கில் அட்டை ஏறி உட்கார்ந்திருக்கலாம். ஒரு பக்கத் துவாரத்தில் மட்டும் ரத்தம், ஓயாத தும்மல் என்றால் அதைச் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். மூக்கில் உப்புத் தண்ணீர் விடாதீர்கள்.

வயிற்றுப் பூச்சி

குட்டிக்கு 2 வாரத்திலிருந்து, 3 மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. 6 மாதம்வரை மாதம் ஒரு தடவை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. எடை தெரியாமல் மருந்து கொடுக்கக்கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். வாலடியில் அரிசிமணி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி, எனவே தெள்ளுக்கும் சேர்த்து மருந்து.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையில் வேண்டாத குடல், ஈரல், நுரையீரலை நாய்க்கு என்று கட்டிக் கொடுப்பார்கள். பச்சையாகப் போடாதீர்கள். அதிலிருந்து நாய்க்கு வரும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி வரும். நன்றாக வேகவைத்துப் போடலாம். வெந்த கோழி எலும்பும் கூடாது, சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

நீலகிரித் தைலம்

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் தைல பாட்டில் இல்லாத வீடு இல்லை. சளிக்குத் தைலம், மூட்டுவலிக்குத் தைலம், கொசுவுக்குத் தைலம், நாய் நாறினாலும் தைலம். நமக்கு நல்லது, அதுங்களுக்கு விஷம். பூனைக்கு ரொம்ப மோசம். அதன் கல்லீரலால் இந்த மாதிரி எண்ணெய்களை முறித்து வெளியேற்ற முடியாது. மேலே தடவினால் தோல் வழியாகவும் போகும், நக்கினால் வாய் வழியாகவும் போகும். எச்சில் ஒழுகும், தள்ளாடும், நடுங்கும்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பூனைக்குச் சளி பிடிச்சிருந்துச்சு, நெஞ்சுல கொஞ்சம் தைலம் தேச்சேன், இப்ப நிக்க மாட்டேங்குது." உடனே கழுவச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன், பிழைத்துவிட்டது. அவரும் தேய்த்தது அன்பினால்தான். மூட்டுவலிக்கு இங்கே விற்கும் வின்டர்கிரீன் எண்ணெயும் அப்படித்தான், அதில் ஆஸ்பிரின் வகைச் சத்து இருக்கிறது. மேலே பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, நக்கவிடாமல் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

பாராசிட்டமால் பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படித்தான். வீட்டில் இரண்டும் இருந்தால், நாய்க்கு மருந்து விட்ட அன்று பூனை அதன்மேல் படுத்துத் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபினாயில் ஊற்றிய தரையில் பூனை நடந்து காலை நக்குவதும் நல்லதில்லை.

டூரிஸ்ட் சீசனில் நாய்க்கு வருகிற ஆபத்து ஹோம்மேட் சாக்லேட். கருப்பாக இருக்க இருக்க விஷம் அதிகம், காய்ந்த திராட்சை போட்டது இன்னும் மோசம். கொடைக்கானல் பக்கம் பூண்டு போடுகிறவர்கள், பூம்பாறை, மன்னவனூர்க்காரர்கள், பூண்டும் வெங்காயமும் நாய் பூனைக்கு ரத்தத்தை முறிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பிரியாணி மிச்சத்தை அப்படியே வைக்காதீர்கள். தோட்டத்தில் மருந்தடித்த அன்று நாயைக் கட்டிப்போடுங்கள். வெளியே போய்வந்தால் காலைக் கழுவுங்கள். எலி மருந்து வைக்கிறவர்கள் வீட்டில் பூனை வளர்க்காமல் இருப்பதே மேல்.

சிறுத்தை

நோய்க்குறிப்பில் இது எதற்கு என்றால், இந்தப் பக்கம் நாய் சாகிற வழிகளில் இதுவும் ஒன்று. வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் ஓடவும் முடியாது. இருட்டும் முன் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே கூண்டு என்றால் மேலேயும் கம்பி வலை வேண்டும், சிறுத்தை மேலிருந்துதான் இறங்கும். நாயின் கழுத்தில் முள்பட்டை கட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோழிக்கடைக் கழிவைப் பின்பக்கம் கொட்டாதீர்கள்.

கருத்தடையும் இதில் சேரும். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் ஊர் நாயெல்லாம் ராத்திரி வாசலில் கூடும், நாய்க்கூட்டம் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தையும் வரும். சுமார் 6 மாதத்தில், எந்த வயது என்பதை நாயின் இனத்தைப் பார்த்து டாக்டர் சொல்வார். செய்துவிட்டால் வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற தொல்லை வராது. பூனைக்கு 5 மாதத்துக்குள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அது குட்டி போட்டுவிடும்.

குளிரும் ஈரமும்

கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் கீழ்நாட்டு நாய்கள். மயிர் குட்டை, உடம்பில் கொழுப்பு கிடையாது. தை மாதம் தலைக்குந்தாவில் புல் வெளுக்கிற உறைபனியில் அவற்றைச் சிமென்ட் தரையில் படுக்கவிடாதீர்கள். ஒரு பலகை, அதன்மேல் காய்ந்த சாக்கு போதும். கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், அந்தப் புகை மனிதரையும் நாயையும் சேர்த்தே கொன்றுவிடும். காது தொங்குகிற லாப்ரடார், காக்கர் வகை நாய்களுக்கு மழைக்காலத்தில் காதைத் துடைத்து உலர்த்த வேண்டும். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். அழுகிய வாசனை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பூனைகள் ராத்திரி குளிருக்கு நிறுத்திவைத்த ஜீப்பின் பானெட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். பூனைக்குப் பாலும் சோறும் மட்டும் போட்டு வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சி, மீனிலிருந்துதான் அதற்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். ஆண் பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே, மூத்திரம் வராமல் கத்தினால், அதைப்போல அவசரம் வேறில்லை. அன்றைக்கே தூக்குங்கள்.

வாரம் ஒரு தடவை

ஞாயிற்றுக்கிழமை காபி குடித்தபின் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். பல்லில் மஞ்சள் காரை ஏறுகிறதா பாருங்கள். மனிதர் பேஸ்ட் வேண்டாம், நாய்க்கென்று விற்பதைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். கையை முதுகிலிருந்து வாலடிவரை அழுத்தித் தடவுங்கள், முடிச்சு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். ஒரு நிமிஷத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் நோட்டில் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கத் தனி தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், 100.5-லிருந்து 102.5 வரை சரியான சூடு. மூக்கு காய்ந்திருக்கிறது, ஈரமாக இருக்கிறது என்ற கணக்கை நம்பாதீர்கள்.

7 வயது தாண்டிய நாய்க்கு வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதற்கு மலை இறங்க வேண்டியிருந்தால் கிளம்புவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், கொண்டை ஊசி வளைவில் வாந்தி குறையும். குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ளதற்கும் மட்டும் பட்டினி போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பூனை என்றால் சந்தைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூடை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் போதும், மேலே ஒரு துணி. மேட்டுப்பாளையம் இறங்கியதும் நமக்கு டீ ஞாபகம் வரும். அதுங்களைக் காரில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். ஒருவர் டீ குடிக்கட்டும், ஒருவர் நாயோடு நிழலில் நிற்கட்டும்.